வீட்டுத் தோட்டம்: நீருக்கு ஏங்காத நித்தியகல்யாணி



அக்கினி வெயில் தணியும் முன்பே கிணற்று நீர் அடிமட்டத்திற்குப் போய்விட்டது. குழாயிலோ இரு நாளைக்கு ஒரு முறை நீர் வந்தால் அதுவே பெரிது. குடிக்கவும் சமைக்கவும் போக ரோஜாவுக்கும் மல்லிகைக்கும் ஊற்ற நீருக்கு எங்கே போவது என்று மனம் சோர்ந்து, தொட்டிகளைக் கவிழ்த்து வைத்துவிட்ட இல்லங்கள் பலவற்றை நான் அறிவேன். ஆனால் அதே இல்லத்தின் கொல்லைச் சுவர் வெடிப்பிலோ, கிணற்றடிப் படியின் இடுக்கிலோ, எவரும் நடாமலும் எவரும் நீர் வார்க்காமலும் ஒரு செடி நிற்கும். பளபளக்கும் பச்சை இலைகளுக்கிடையே ஐந்து இதழ் கொண்ட இளஞ்சிவப்புப் பூக்களை நாள் தவறாமல் அது தந்துகொண்டிருக்கும். அதுவே நித்தியகல்யாணி. என்றும் மலர்ந்திருப்பதால் ஏற்பட்ட பெயர் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இச்செடியைப் பற்றி எழுதவேண்டும் என்று நெடுநாளாகவே எண்ணியிருந்தேன். கடற்கரை ஊரொன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் அதனை இந்த மாதமே எழுதவைத்துவிட்டது. அவர் வீட்டு முற்றத்தில் நித்தியகல்யாணி தானாகவே முளைத்துச் செழித்து நிற்கிறதாம். அவருடைய உம்மாவோ, "அது மையவாடியில் முளைக்கிற பூ, அதைப் பிடுங்கி எறி" என்று நாள்தோறும் சொல்கிறாராம். வாப்பாவோ, அது சர்க்கரை நோய்க்குக் கைகண்ட மருந்து என்று எவரோ சொல்லக் கேட்டு, காலையில் வெறும் வயிற்றில் பத்து இலைகளைப் பறித்து மென்று விழுங்குகிறார். மாத்திரைகளை நிறுத்தி இரண்டு மாதமாகிவிட்டதாம். "ஒருவர் பிடுங்கச் சொல்கிறார், ஒருவர் தின்றே தீர்க்கிறார், நான் யார் பேச்சைக் கேட்பது?" என்று அச்சகோதரி கேட்கிறார். கடிதத்தைப் படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது. மாத்திரையை நிறுத்திய வரிக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

உம்மாவின் அச்சத்திற்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். அவர் சொல்வது முழுதும் ஆதாரமற்றதன்று. தமிழ்நாட்டின் சில பகுதிகளில் இதற்குச் சுடுகாட்டுப்பூ என்றே பெயர். மலையாளத்தில் வழங்கும் பெயர்களில் ஒன்றும் சவக்கோட்டையைக் குறிப்பதுதான். இலங்கையில் தமிழர் பட்டிப்பூ என்று அழைக்க, சிங்களத்தில் இதன் பெயர் பிணத்தோடு சேர்ந்ததாகவே இருக்கிறது. இத்தனை மொழியினர் ஒரே எண்ணத்தில் பெயரிட்டிருப்பதற்குக் காரணம் மிக எளியது. அடக்கத்தலங்களில் எவரும் நீர் ஊற்றுவதில்லை. மேய வரும் ஆடு மற்றச் செடிகளையெல்லாம் கடித்துவிட்டு இதன் கசப்பைக் கண்டு விலகிப் போகிறது. ஆகவே அங்கே எஞ்சி நிற்பது இது ஒன்றே. இதில் சகுனம் ஏதுமில்லை. சகுனம் பார்ப்பது நமக்கு ஆகுமான காரியமும் இல்லை. உம்மாவிடம் இதனைப் பக்குவமாகச் சொல்லுங்கள். ஆடு ஏன் தின்னவில்லை என்பதை மட்டும் வாப்பாவுக்காக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

இச்செடியின் தாயகம் மடகாஸ்கர் தீவு. பதினெட்டாம் நூற்றாண்டில் அழகுச் செடியாக ஐரோப்பியத் தோட்டங்களுக்குச் சென்று, கப்பல் சென்ற வெப்பநாட்டுக் கரைகளிலெல்லாம் இறங்கி, எந்த ஊரில் இறங்கிற்றோ அந்த ஊரின் செடியாகவே மாறிவிட்டது. அரளியின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆழ இறங்கும் ஆணிவேரும், நீர் ஆவியாகாமல் காக்கும் மெழுகுப்பூச்சுள்ள இலையும் இதன் பாதுகாப்பு. உச்சி வெயிலில் இதன் இலைகள் உள்நோக்கிச் சுருண்டுகொள்வதைப் பார்த்திருப்பீர்கள். வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்ள அது செய்யும் உபாயம் அது. மாலையில் தானாகவே விரிந்துவிடும். இதனை அறியாத நம் சகோதரிகள் செடி வாடிவிட்டது என்று பதறி, நடுப்பகலில் ஒரு குடம் நீரைக் கொண்டுபோய்க் கவிழ்க்கிறார்கள். நித்தியகல்யாணி பெரும்பாலும் சாவது இப்படித்தான். வறட்சியால் இறந்த நித்தியகல்யாணிகளைக் காட்டிலும் அன்பு மிகுந்து நீர் ஊற்றியதால் அழுகி இறந்தவையே அதிகம் என்பது என் அனுபவம்.

நாற்றுக் கடையில் சென்று நித்தியகல்யாணி என்று கேட்டால், "வின்கா வேண்டுமா?" என்று கேட்பார்கள். இரண்டும் ஒன்றே. லின்னேயஸ் இதற்கு வைத்த பழைய தாவரவியல் பெயர் அது. பின்னாளில் கதராந்தஸ் என்று மாற்றப்பட்டும் வியாபாரிகள் பழைய பெயரை விடவில்லை. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் கலப்பின வகைகள். குட்டையாய், அகன்ற பூவாய், ஊதா, சிவப்பு, பீச் நிறம் என்று கண்ணைப் பறிக்கும். வாங்கி வைப்பதைத் தடுக்கமாட்டேன். ஆயினும் முதல் பெருமழையில் அவற்றில் பாதி அழுகிப்போவதைக் கண்டு வருந்தவேண்டாம். நம் கொல்லையில் தானே முளைக்கும் இளஞ்சிவப்பும், தூய வெள்ளையும், நடுவில் சிவப்புப் பொட்டு வைத்த வெள்ளையுமே உறுதியானவை. இடுப்பளவு உயரம் வளரும். பக்கத்து வீட்டில் கேட்டால் காசின்றிக் கிடைக்கும்.

விதையை எடுப்பதில் சற்றுக் கவனம் வேண்டும். பூ உதிர்ந்த இடத்தில் இரட்டையாய், மெலிந்த நெற்றுகள் நிமிர்ந்து நிற்கும். அவை பச்சையாய் இருக்கையில் பறித்தால் விதை முளைக்காது. முழுவதும் காயும்வரை விட்டால் ஒரு பகற்பொழுதில் வெடித்து விதை மண்ணில் சிதறிவிடும், பின் எறும்புகள் இழுத்துச் செல்லும். மஞ்சள் பாரித்துப் பழுப்பாகத் தொடங்கும் நேரத்தில், காலையில் பறித்து, ஒரு காகித உறையிலிட்டு நிழலில் வைத்தால் உறைக்குள்ளேயே வெடித்துவிடும். எள்ளிலும் சிறிய கறுப்பு விதைகள் அவை. சில மாதங்களுக்குள் விதைத்துவிடவேண்டும். ஆண்டுக்கணக்கில் வைத்தால் முளைப்புத் திறன் போய்விடும்.

விதைக்க ஆனி, ஆடி ஏற்ற காலம். அடைமழைக்கு முன் செடி வேரூன்றிக்கொள்ள மூன்று மாதமாவது கிடைக்கும். ஓர் அகன்ற தட்டுத் தொட்டியில் மணல் கலந்த மண்ணைப் பரப்பி, விதையைத் தூவி, அதன்மேல் கால் அங்குல அளவுக்கு மண்ணை மெல்லத் தூவி மூடுங்கள். இவ்விதை வெளிச்சத்தில் முளைப்பதற்குத் தயங்கும், இருள் வேண்டும். ஆகையால் பழைய செய்தித்தாளையோ கிழிந்த சாக்கையோ மேலே போர்த்தி, தெளிப்பான் கொண்டு ஈரம் காக்கவேண்டும். பத்து முதல் பதினைந்து நாட்களில் முளை தலைகாட்டும். தலைகாட்டிய அன்றே போர்வையை எடுத்துவிடுங்கள். மறந்தால் நாற்று வெளிறி நீண்டுவிடும். நான்கைந்து இலை விட்டபின் பெயர்த்து, தரையில் ஓரடி இடைவெளியிலும், தொட்டியானால் தொட்டிக்கு ஒன்றாகவும் நடலாம். விரல் நீளத்திற்கு இளந்தண்டை ஒடித்து, அடி இலைகளைக் களைந்து, மணலில் ஊன்றினாலும் வேர் பிடிக்கும். குறிப்பிட்ட நிறம் மாறாமல் வேண்டுவோர் இந்த முறையைக் கொள்ளலாம்.

தொட்டி மண்ணைப் பற்றி ஒரே விதிதான்: நீர் நிற்கக்கூடாது. செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மட்கிய சாண எரு ஒரு பங்கு போதும். அடித்துளையின்மேல் ஓட்டுச் சில்லு ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். எரு அதிகம் இடவேண்டாம். கொழுத்த மண்ணில் இச்செடி இலையாய்ப் பெருகிப் பூவில் கஞ்சத்தனம் காட்டும். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் கொடிபோல நீண்டு ஒன்றிரண்டு பூக்களோடு நின்றுவிடும். கடற்காற்றின் உப்பையும் ஓரளவு தாங்குவதால் காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர் போன்ற ஊர்களில் மொட்டை மாடிக்கு இதைவிட ஏற்ற பூச்செடி வேறொன்றை என்னால் சொல்ல இயலவில்லை. வளைகுடா நாடுகளில் இருந்து வந்த நம் பிள்ளைகள், கோடையில் அங்கே சாலையோரப் பாத்திகளில் இதே பூவைக் கண்டதாகச் சொல்வார்கள்.

இனி நீர். நட்ட முதல் மூன்று வாரங்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றுங்கள். வேரூன்றிய பிறகு தரையில் நிற்கும் செடிக்குக் கோடையிலும் வாரம் ஒருமுறை போதும்; தொட்டிக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை. கணக்கு வேண்டாம் என்போர் ஆட்காட்டி விரலை இரண்டு கணு அளவு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். விரலில் ஈர மண் ஒட்டினால் அன்று ஊற்றவேண்டாம். ஊற்றுவது காலையில், தூரடியில். இலைமேல் பூவாளியால் தெளிப்பது நோயை அழைப்பதாகும்.

இந்தச் சிறிதளவு நீருக்கும் புதிதாகக் குடம் எடுக்கவேண்டியதில்லை. நம் இல்லங்களில் ஐவேளை ஒளு செய்கிறோம். நான்கு பேர் உள்ள வீட்டில் குழாயடியில் வீணே ஓடும் நீரை ஒரு நாள் ஒரு வாளியில் பிடித்துப் பாருங்கள். மாலைக்குள் வாளி நிறைந்திருக்கும். சோப்போ சலவைத்தூளோ கலவாத அந்த நீர் எந்தச் செடிக்கும் நல்லது. எங்கள் வீட்டில் ஒளு செய்யும் இடத்தின் வடிகாலை ஒரு சிறு குழாய் வழியாகப் பாத்திக்குத் திருப்பி விட்டோம். நித்தியகல்யாணியைப் பாத்தியின் மேட்டு விளிம்பில் வைத்தோம். நீர் நேராகச் சேரும் பள்ளத்தில் வாழையை வைத்தோம். முதலில் இரண்டையும் இடம் மாற்றி வைத்துவிட்டு, ஒரே மாதத்தில் நான்கு நித்தியகல்யாணிகளை அழுகக் கொடுத்த பிறகே இந்த ஞானம் வந்தது.

இதற்கு உண்மையான சோதனை ஐப்பசி, கார்த்திகையில்தான். நேற்றுவரை பூத்துக் குலுங்கிய செடி திடீரெனத் தலை தொங்கும். தூரடியில் தண்டு கறுத்திருக்கும். நீரிலே பரவும் பூசண நோய் அது. அந்த நிலைக்கு வந்துவிட்ட செடியைக் காப்பாற்ற இயலாது. வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். அந்தத் தொட்டி மண்ணில் மீண்டும் இதே செடியை வைக்கவேண்டாம். மழைக்கு முன்பே தொட்டிகளைத் தாழ்வாரத்தின் ஓரத்திற்கு நகர்த்துவதும், தரைச் செடியைச் சுற்றி மண்ணை அணைத்து மேடாக்குவதுமே நம்மால் ஆன தடுப்பு. இன்னொரு நோயும் உண்டு. இலைகள் சிறுத்து, கொத்துக் கொத்தாக மண்டி, பூக்களே பச்சை இலைபோல் மாறிவிடும். தத்துப்பூச்சியால் பரவும் சிற்றிலை நோய் இது. விநோதமாக இருக்கிறதே என்று வைத்துப் பார்க்காமல் பிடுங்கி எரித்துவிடுங்கள். மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெயைச் சோப்பு நீரில் கலந்து தெளித்தால் போதும்.

வாடிய பூக்களைக் கிள்ளும் வேலை இதில் இல்லை, தானே உதிர்த்துவிடும். ஆண்டுக்கொருமுறை, மழை ஓய்ந்து தை பிறந்ததும், மூன்றில் ஒரு பங்கு உயரத்தைக் கவாத்து செய்தால் பக்கக் கிளைகள் வெடித்துப் புதராகும். இரண்டு மூன்று ஆண்டுகளில் அடித்தண்டு மரம்போல் முற்றிப் பூ குறையும். அதற்குள் அதன் பிள்ளைகள் சுற்றிலும் முளைத்திருக்கும். வெட்டும்போது வடியும் பாலைக் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டு, வேலை முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.

இப்போது வாப்பாவிடம் வருகிறேன்.

இந்தச் செடிக்கும் சர்க்கரை நோய்க்கும் உள்ள தொடர்பு நம் ஊரில் பிறந்த வதந்தி மட்டும் என்று நினைக்கவேண்டாம். ஜமைக்காவிலும் இதன் இலையைக் கொதிக்கவைத்துச் சர்க்கரை நோய்க்குக் குடித்து வந்தார்கள். 1952ஆம் ஆண்டு அங்கிருந்து ஒரு தபால் உறையில் இருபத்தைந்து இலைகள் கனடாவிற்கு வந்தன. பெற்றவர் டாக்டர் கிளார்க் நோபிள்; தொடக்ககால இன்சுலின் ஆராய்ச்சியில் பங்குகொண்டவர். அவர் அவ்விலைகளை மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துவந்த தம் தம்பி ராபர்ட் நோபிளிடம் ஒப்படைத்தார். எலிகளுக்கு இலைச்சாற்றை வாய்வழி கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஊசி வழி செலுத்திப் பார்த்தார்கள். எலிகள் சில நாட்களில் கிருமித் தொற்றுக் கண்டு இறந்தன. காரணம் ஆராய்ந்தபோது, அவற்றின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்து, எலும்பு மஜ்ஜையே நலிந்திருந்தது தெரியவந்தது. நோயை எதிர்க்கும் படையே அழிந்துபோயிருந்தது.

வெள்ளணுவை அழிக்கும் பொருள், வெள்ளணு கட்டின்றிப் பெருகும் இரத்தப் புற்றுக்கு உதவக்கூடுமன்றோ? ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் சேர்ந்து அப்பொருளைப் பிரித்தெடுத்து 1958இல் உலகிற்கு அறிவித்தனர். வின்பிளாஸ்டின் என்பது அதன் பெயர். அமெரிக்காவில் தனியாக இதே செடியை ஆராய்ந்துகொண்டிருந்த குழுவினர் வின்கிறிஸ்டின் என்ற மற்றொன்றைக் கண்டனர்; 1963இல் அது மருந்தாக அனுமதி பெற்றது. அக்காலத்தில் இரத்தப் புற்றுக் கண்ட குழந்தைகளில் பிழைத்தவர் மிகச் சிலரே. இன்று நல்ல சிகிச்சை கிட்டும் இடங்களில் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். அவர்களுக்குத் தரப்படும் கூட்டு மருந்துகளில் வின்கிறிஸ்டின் இன்றும் நீங்கா இடம் பெற்றுள்ளது. நம் தென் மாவட்டங்களில் மானாவாரி நிலங்களில் இச்செடியைப் பயிராக இட்டு இலையையும் வேரையும் மருந்து நிறுவனங்களுக்கு விற்பதும் இதன் பொருட்டே.

இதனைக் கேட்டவுடன், "அப்படியானால் இலை நல்லதுதானே, புற்றையே போக்குகிறதே" என்று சிலர் சொல்லக்கூடும். அளவைப் பாருங்கள். ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க ஏறத்தாழ ஐந்நூறு கிலோ காய்ந்த இலை தேவைப்படுகிறது. இம்மருந்து இரண்டு பாதிப் பொருட்கள் இணைந்து உருவாவது. அவற்றில் ஒன்றைச் செடி இலையின் மேற்பரப்பு மெழுகிலும் மற்றொன்றை இலையின் உட்புறத்திலும் பிரித்தே வைத்திருக்கிறது என்று 2010இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. இத்தனை அரிதாக இருப்பதற்கு அது ஒரு காரணம். 2022இல் டென்மார்க்கில் ஈஸ்ட்டின் மரபணுக்களை மாற்றி அவ்விரு பாதிகளையும் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிக் காட்டினார்கள். மருத்துவமனையில் வின்கிறிஸ்டினை ஒரு வேளைக்குப் பொதுவாக இரண்டு மில்லிகிராமுக்கு மேல் கொடுப்பதில்லை. அதையும் இரத்தநாளத்தில் மட்டுமே, மருத்துவர் கண்காணிப்பில், இரத்த அணுக்களை எண்ணிப் பார்த்துக்கொண்டே கொடுக்கிறார்கள். அப்படியிருந்தும் நரம்பு மரத்துப்போதல் போன்ற துன்பங்கள் வருகின்றன. பத்து இலையை மெல்லும் வாப்பாவுக்கு அதில் எது எவ்வளவு சேர்கிறது என்று எவர் எண்ணுவது?

இதன் வேரில் அஜ்மலிசின் என்ற பொருளும் உண்டு; இரத்த ஓட்டத்தைச் சீராக்கும் மருந்துகளில் சேர்ப்பார்கள். நம் வாசகியர் அறியவேண்டிய பெயர் அது. டெல்லியில் யூனானி மருத்துவத்தில் புகழ்பெற்று, 1927இல் மறைந்த ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக, சலீமுஸ்ஸமான் சித்தீக்கி என்ற வேதியியல் அறிஞர் 1931இல் சர்ப்பகந்தா வேரில் தாம் கண்ட பொருளுக்கு அஜ்மலின் என்று பெயரிட்டார். அந்தப் பெயர்வரிசையில் வந்ததே அஜ்மலிசின். மூலிகையை மதித்த ஹக்கீமின் பெயரும், அதைச் சோதனைக்குழாயில் இட்டு அளந்து பார்த்தவரின் உழைப்பும் ஒரே சொல்லில் சேர்ந்திருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும்.

சகோதரியே, விலங்குகளில் செய்த சில ஆய்வுகளில் இலைச்சாறு சர்க்கரையைச் சற்றுக் குறைத்ததாகவும் சொல்லப்பட்டிருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். ஆனால் மாத்திரைக்கு மாற்றாக மனிதர் உண்ணலாம் என்று நிறுவப்பட்டதில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு இலையை நம்புவதால் சர்க்கரை ஏறும் அபாயம் ஒருபுறம்; நச்சுப் பொருள் உடலில் சேரும் அபாயம் மறுபுறம். கருவுற்ற பெண்கள் இதனை வாயில் வைக்கவே கூடாது. ஆட்டுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவேண்டாமா என்று வாப்பாவிடம் நீங்கள் கேட்கமுடியாது, உம்மா கேட்கலாம்.

வாதம் செய்து நாளைக் கடத்தவேண்டாம். இந்த வாரமே வாப்பாவை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரையோடு, மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனையையும், இரத்த அணுக்களின் முழு எண்ணிக்கையையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மாதம் இந்த இலை தின்றதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும். மாத்திரையை எந்த அளவில் மீண்டும் தொடங்குவது என்பதை அவரே முடிவுசெய்யட்டும்.

செடியைப் பிடுங்கவேண்டாம். காலையில் எழுந்து அதனருகே செல்லும் பழக்கம் வாப்பாவுக்கு ஏற்பட்டுவிட்டது, அது இருக்கட்டும். நெற்று பழுக்கும் காலம் இது. வெடிக்கும் முன் பார்த்துப் பறிக்கும் வேலையை அவரிடமே ஒப்படையுங்கள். கையில் ஒரு காகித உறையைக் கொடுத்து, வெள்ளையையும் இளஞ்சிவப்பையும் தனித்தனியே போட்டு, மேலே தேதி எழுதச் சொல்லுங்கள். ஆனி பிறந்ததும் விதைக்கலாம். மிஞ்சுவதை அண்டை வீட்டாருக்குக் கொடுக்கும்போது, இலையைத் தின்னக்கூடாது என்பதையும் வாப்பாவே சொல்லிக் கொடுக்கட்டும்.